மாமாவின் கொசுக்களைச் சுத்தம் செய்த கதை

எனக்குக் கோபம் வந்தால் எதையாவது தேய்த்துக் கழுவ ஆரம்பித்துவிடுவேன். இந்தப் புத்தியால் ஒரு மனிதரின் முப்பது வருட உழைப்பை ஒரே நாளில் பளபளப்பாக்கியிருக்கிறேன்.

அத்தையின் கணவர், எங்கள் மாமா, கொசு ஆராய்ச்சியாளர். எங்கள் தீவில், ஜார்ஜ் டவுனில் வீடு. தாசேக் கெலுகோர் ரப்பர் தோட்டம், பிறை ஊர்ச் சாக்கடை என்று அலைந்து கொசு பிடிப்பார். (நாமெல்லாம் அடித்துக் கொல்வோம், இவர் தேடிப் போவார்.) அவர் இறந்ததும் அவருடைய குறிப்பேடுகளைப் பல்கலைக்கழக நூலகம் கேட்டது. அவர் பெயரில் ஓர் அடுக்கே வைப்பார்களாம். அத்தைக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

கருமாதிக்கு முன் வீட்டைக் கழுவ வேண்டும். சொந்தக்காரன் ஒருவனும் எட்டிப் பார்க்கவில்லை. எல்லோரையும் திட்டிக்கொண்டே நான் மட்டும் தேய்த்தேன். மாமாவின் அறையில் நாற்பது நோட்டுகள். திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் டேப் போட்டு ஒட்டிய செத்த கொசு. படித்தவர்கள் இந்த அசிங்கத்தைப் பார்த்தால் நம் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள்? டேப்பை உரித்தேன், கொசுவைச் சுரண்டினேன், மஞ்சள் தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். தீட்டும் போயிற்று, அழுக்கும் போயிற்று.

கருமாதி முடிந்த மறுநாள் நூலகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கையுறை போட்டுக்கொண்டு ஒரு நோட்டைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார்.

"அண்ணே, இதுல ஒட்டியிருந்த கொசுவெல்லாம் எங்கே?"

"கிளீன் பண்ணிட்டேன்மா. ஒரு நாள் பூரா வேலை."

"எழுதியிருக்கிறது பூரா அந்தக் கொசுவைப் பத்திதான்லா, அண்ணே."

குப்பை லாரி வந்து போய் ஒரு வாரமாகியிருந்தது. இருந்தாலும் வெளியே ஓடித் தொட்டிக்குள் தலையை விட்டுத் துழாவினேன். ஒரே ஒரு கொசு கிடைத்தது. உயிரோடு இருந்தது, என்னைக் கடித்தது.

அத்தை சத்தம் போடவில்லை. "அத்தனையும் அந்த மனுஷன் கடி வாங்கிப் பிடிச்சதுடா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு பேச்சில்லை.

ஆனாலும் நூலகம் நோட்டுகளை எடுத்துக்கொண்டது. கடைசி இரண்டில் கொசு பத்திரமாக இருந்தது. காரணம் என் அறிவல்ல, முதுகுவலி. இன்று மாமா பெயரில் அடுக்கு இருக்கிறது. பட்டியலில் ஒரு வரி: 'மாதிரிகள் குடும்பத்தினரால் அகற்றப்பட்டன.' ஒரு மடையனுக்கு எவ்வளவு மரியாதையான பன்மை!

ஒவ்வொரு தீபாவளிக்கும் அத்தை எல்லோர் முன்னாலும் சொல்வார்: "நான் போனப்புறம் இவனை மட்டும் பதினாறு நாளைக்கு வீட்டுக்குள்ள விடாதீங்க."

சிரிப்பார்கள். அத்தை மகள் மட்டும் சிரிக்கமாட்டாள். அவள் அதை எழுதி, அத்தையிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறாள்.