மூதேவியின் எடை

“முடியல சாமி.”

“எப்படி முடியும்? உள்ள உட்கார்ந்திருக்கவ தூக்க விடமாட்டா. இன்னொரு மட்டம் பாரு.”

வள்ளித்தாய் குனிந்து குடத்தின் கழுத்தைப் பிடித்தாள். குடம் அசையவில்லை. கூட்டம் பயபக்தியோடு பெருமூச்சு விட்டது.

குற்றாலத்தில் அந்த வருஷம் சாரலைவிட அருவிச்சாமியாருக்குத்தான் பேர். சோம்பல் என்பது உடம்பில் குடியேறிய மூதேவி என்று கண்டுபிடித்தவர் அவர். தென்காசி வட்டாரமே வேலை செய்ய முடியாத மருமகள்களை பஸ் ஏற்றிக் கூட்டி வந்தது. வேலை செய்யாத மருமகன்களை யாரும் கூட்டி வரவில்லை. ஆண்பிள்ளை என்றால் மூதேவிக்கும் மரியாதை போலும்.

முதலில், மாவிலை செருகிய நிறைகுடத்தை மருமகள் தூக்க வேண்டும். முடியாது. சாமியார் வேப்பிலை அடித்து, தட்சணை வாங்கி, தண்ணீர் மாற்றச் சொல்வார். சீடர்கள் இருவர் குடத்தைத் திரைக்குப் பின்னால் சுமந்து போவார்கள். திரும்பி வரும் குடத்தை அவள் பூப்போலத் தூக்குவாள். மூதேவி போய்விட்டாள். மருமகள் வீட்டுக்குப் போய் நாலு நாள் வேலை செய்ததும் மூதேவி திரும்பி வந்துவிடுவாள். மறுபடியும் தட்சணை.

வள்ளித்தாய்க்குச் சிறுவயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் இதயத்தையும் தொட்டுவிட்டுப் போயிருந்தது. அயல்நாட்டு நாவல்களில் இப்படிப்பட்ட பெண்கள் ஜன்னலோரம் சாய்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வள்ளித்தாய் வாழ்க்கைப்பட்ட குத்துக்கல்வலசையில் அவர்கள் தண்ணீர் எடுக்கவேண்டும். டாக்டர் சொன்னதை மாமியார் கோமதியம்மாள் நம்பவில்லை. இன்று மூதேவி போகாவிட்டால் மருமகள் பண்பொழியில் இருக்கும் தாய்வீட்டுக்கே போய்விட வேண்டும் என்பது அவளுடைய தீர்ப்பு.

வள்ளித்தாய் மூச்சு வாங்கியபடி நிமிர்ந்தாள்.

“சாமி, மூதேவி எங்கிட்டதான இருக்கா? அந்த அண்ணாச்சிமாரு ஏன் ரெண்டு பேரா தூக்குதாவ?”

சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். தியானம் சில கேள்விகளுக்கு நல்ல பதில்.

“எங்க வீட்டுக்காரவுளும் ஒருவாட்டி தூக்கிப் பாக்கட்டும். அவுகளுக்கும் இருந்தா ஒரே செலவோட முடிஞ்சிரும்லா.”

கூட்டம் சிரித்தது. அவள் கணவன் முப்பிடாதி மீசையைத் தடவிக்கொண்டு வந்தான். மூச்சைப் பிடித்து இழுத்தான். குடம் முழங்கால்வரை வந்து தொப்பென்று இறங்கியது.

“ஏலே முப்பிடாதி, ஒனக்குமாலே?” என்றது ஒரு குரல்.

“அத்தை, நீங்களும் பாருங்க” என்றாள் வள்ளித்தாய்.

“நான் என்னத்தட்டி பாக்க?” என்று முணுமுணுத்தபடி கோமதியம்மாளும் பார்த்தாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

குடும்பத்தோடு மூதேவி என்ற பெயர் முப்பிடாதிக்குப் பொறுக்கவில்லை. குடத்தைக் காலால் சாய்த்தான். தண்ணீர் முழுவதும் ஓடியது. நிமிர்த்தித் தூக்கிப் பார்த்தான், கனம் பெரிதாகக் குறையவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால், அடியில் நாலு விரல் உயரத்துக்கு ஈயம் உருக்கி ஊற்றியிருந்தது. திரைக்குப் பின்னால் அதே மாதிரி இன்னொரு குடம், கால்வாசித் தண்ணீரோடு.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. கூட்டத்தில் பாதி ஆண்கள். தண்ணீர் தானாக நடந்து அடுப்படிக்கு வருகிறது என்று இருந்தவர்கள். மீதி, மருமகள் வந்த அன்றே குடத்தை இறக்கி வைத்த மாமியார்கள். நிறைகுடம் எவ்வளவு கனக்கும் என்பது தூக்கிய பெண்களுக்குத் தெரியும். மூதேவி பிடித்தவளிடம் யார் கேட்பார்கள்?

சாமியாரைக் காணவில்லை. “ஈயம் வைக்காத சாமி பக்கத்துல எங்கன இருக்காரு?” என்று ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார். மூளையைப் பயன்படுத்துவதைவிட பஸ் டிக்கெட் மலிவு என்று அவர் நினைத்திருக்கலாம்.

பஸ்ஸுக்கு மூவரும் காத்திருந்தார்கள். வள்ளித்தாய் சொன்னாள்.

“எனக்குச் சோம்பல் இல்ல அத்தை. காலையில எந்திரிக்கையில இருக்க தெம்பு இம்புட்டுத்தான். தண்ணி எடுத்தா சோறு பொங்க மிஞ்ச மாட்டேங்கு. சோறு பொங்குனா துணி துவைக்க மிஞ்ச மாட்டேங்கு. நடுவுல கொஞ்சம் படுத்தா ரெண்டையும் செஞ்சிருவேன்.”

கோமதியம்மாள் சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வள்ளித்தாய் கணவன் பக்கம் திரும்பினாள்.

“நாளையிலேருந்து தண்ணி மட்டும் நீங்க எடுத்துட்டு வருவியளா?”