சிரமப்படுவோர் எண்ணிக்கை: ஒன்று

ஏறுபடி நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். போய்வந்தவர்கள் கால்வலியைப் பற்றிச் சொல்கிறார்களே தவிர வழி சொல்வதில்லை. அந்நாட்டுக் குடிகள் மலையடிவாரத்தில் வசித்தார்கள். சந்தை, தானியக் கிடங்கு, வைத்தியசாலை, அரண்மனை எல்லாம் உச்சியில் இருந்தன. இடையே இருநூற்றுப் பன்னிரண்டு படிகள். ஏற முடியாதவர்களுக்காக என்றோ ஒரு நல்ல மன்னர் பெரிய கூடை ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். அடிவாரத்தில் உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றினால் கூடை மேலே போகும்.

பூவாயி தினமும் அதில்தான் போவாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போனவள். உச்சிச் சந்தையில் பணியாரக் கடை வைத்திருந்தாள். கையும் வாயும் நன்றாக வேலை செய்ததால் வியாபாரம் அமோகம். மூன்று மாதம் திறக்காத கடை வேறு ஆளுக்குப் போய்விடும் என்பது சந்தை விதி. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை.

ஒருநாள், பக்கத்து நாட்டு மன்னர் தம் குடிகளில் நூற்றுக்கு ஏழு பேர் உடற்குறை உள்ளவர்கள் என்று அறிவித்துவிட்டார். நம் மன்னர் நிறைவேந்தருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"நாமும் எண்ண வேண்டும். ஏழுக்குக் குறைவாக எண்ண வேண்டும்" என்று ஆணையிட்டார்.

பொறுப்பு தலைமைக் கணிப்பாளர் ஆதிகேசவரிடம் வந்தது. அவர் வீடு வீடாகப் போய், "உமக்கு ஏதேனும் குறை உண்டா?" என்று கேட்டார்.

ஏறுபடி நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அரண்மனை ஆள் எதைக் கேட்டாலும் முதலில் "மன்னர் தயவில் சுகம்" என்று சொல்லிவிட வேண்டும். இழவு வீட்டில்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுவார்கள். பூவாயியும் சொன்னாள். காலைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆதிகேசவர் 'சுகம்' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். நாடெங்கும் இதே கதைதான். மொத்த எண்ணிக்கை பூஜ்யம்.

மூன்று நாள் கொண்டாட்டம் நடந்தது. நான்காம் நாள், எவருக்கும் தேவைப்படாத கூடையைப் பூட்டிவிட்டார்கள்.

பூவாயி மனு எழுதினாள். மனு வாங்கும் இடமோ உச்சியில் இருந்தது. படியில் உட்கார்ந்தபடியே, உள்ளங்கையை ஊன்றிப் பின்புறமாக ஒவ்வொன்றாக ஏறி, காலையில் கிளம்பியவள் மாலையில் போய்ச் சேர்ந்தாள். கைகளில் தோல் உரிந்திருந்தது. மனு வாங்க அங்கே உட்கார்ந்திருந்தவரும் ஆதிகேசவர்தான்.

"ஐயா, என்னால படி ஏற முடியாதுங்க. கூடைய மறுபடி விடச் சொல்லுங்க."

"இங்கே எவ்வாறு வந்தாய்?"

"படியிலதான் வந்தேன்."

"எத்தனை படி?"

"எல்லாப் படியுந்தான்."

ஆதிகேசவர் மனுவின் ஓரத்தில் 'ஏறுகிறார்' என்று குறித்து முத்திரை குத்தினார்.

இப்படியே மனுக்கள் குவிந்ததால் வெளிநாட்டில் படித்த அறிஞர் ஒருவரை வரவழைத்தார்கள். "குறை உண்டா என்று கேட்காதீர்கள். பார்க்க, கேட்க, நடக்க, நினைவில் வைக்க, தானே குளித்து உடுத்த, பிறருக்குப் புரியும்படி பேச, இவற்றில் எவ்வளவு சிரமம் என்று கேளுங்கள்" என்றார் அவர். நல்ல யோசனைதான். ஆனால் ஆறு கேள்விக்கும் குடிகள் ஆறு முறை "மன்னர் தயவில் சுகம்" என்றார்கள். ஆதிகேசவர் ஆறு முறை 'சிரமம் இல்லை' என்று எழுதினார்.

இந்தப் பதிலைச் சொல்ல முடியாத ஒரே ஆள் மன்னர்தான். தம் தயவில் தாமே சுகம் என்று எப்படிச் சொல்வது? அவருக்குப் பதிலாகப் பணியாளர்கள் சொன்னார்கள். நடப்பதில்லை, பல்லக்குதான். குளிப்பாட்ட நான்கு பேர். அமைச்சர்கள் பெயர் நினைவில்லை. மனு கண்ணில் படுவதில்லை, முறையீடு காதில் விழுவதில்லை. பேசினால் யாருக்கும் புரிவதில்லை.

நாட்டில் சிரமப்படுவோர் எண்ணிக்கை ஒன்று என்று பதிவாயிற்று. ஏழுக்குக் குறைவுதானே என்று மன்னருக்கும் மகிழ்ச்சி. கூடையைத் திறந்து, பட்டுமெத்தை போட்டு, தகுதியுள்ள அந்த ஒருவருக்கு ஒதுக்கினார்கள். அவர் வேடிக்கைக்காகத் தினம் மூன்று முறை ஏறி இறங்கினார். கை நன்றாக இருக்கிறது என்பதால் சக்கரம் சுற்றும் வேலை பூவாயிக்குக் கிடைத்தது. தன் கடை இருக்கும் இடத்துக்கு மன்னரை அனுப்பிவிட்டு அவள் கீழேயே உட்கார்ந்திருந்தாள். அழுகை அழுகையாக வந்தது.

கடை கைவிட்டுப்போக ஒரே நாள் பாக்கி இருந்தபோது, ஆதிகேசவர் கணக்கைச் சரிபார்க்க அடிவாரத்துக்கு வந்தார். மன்னர் பாதி வழியில் தொங்கிக்கொண்டிருந்தார்.

"நடப்பதில் சிரமம் உண்டா?"

பூவாயி சக்கரத்தை நிறுத்தி முளையைச் செருகினாள். வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"முடியவே முடியாது. எழுதுங்க."

ஆதிகேசவருக்கு வேர்த்துவிட்டது. "நேற்று ஒன்று, இன்று இரண்டா? ஒரே நாளில் நூற்றுக்கு நூறு உயர்வு! என் தலை போய்விடுமே!"

"என் கடை போகுதே ஐயா! எழுதாம நான் சக்கரத்தத் தொடமாட்டேன்."

"ஏன் நின்றுவிட்டது?" என்று ஆகாயத்திலிருந்து மன்னர் கத்தினார்.

ஆதிகேசவர் கணக்கில் புலி. வாயருகே கையைக் குவித்து, "மன்னா! தங்களுக்கு நடப்பதில் சிரமம் உண்டா?" என்று கூவினார்.

மேலே சந்தைக் கூட்டம் பார்த்தது, கீழே ஊர்க் கூட்டம் பார்த்தது.

"எனக்கா? சிரமமா? யாரைப் பார்த்துக் கேட்கிறாய்!" என்று மன்னர் கர்ஜித்தார்.

ஆதிகேசவர் மன்னர் பெயரை அடித்துவிட்டுப் பூவாயி பெயரை எழுதினார். மொத்தம் ஒன்று. பதிவில் இல்லாதவர் கூடையில் இருக்கக்கூடாது என்பது சட்டம். மன்னரை நூற்று நான்காம் படியில் இறக்கிவிட்டார்கள். பூவாயி ஏறிக்கொள்ள, ஆதிகேசவரே சக்கரம் சுற்றினார். மன்னர் படியில் உட்கார்ந்து பின்புறமாக நகர முயன்றுகொண்டிருந்தார்.

"இன்னும் எத்தனை படி?" என்று தம்மைக் கடந்து போன கூடையைப் பார்த்துக் கேட்டார்.

"நூத்தியெட்டு மகாராஜா. மெதுவா வாங்க."

கடை பிழைத்தது. சிரமப்படுவோர் எண்ணிக்கை கூடவில்லை என்று பறையறைந்தார்கள். சரியான பதில் எதுவென்று ஊருக்கும் புரிந்துவிட்டது. மறுநாள் காலை கூடையடியில் முந்நூறு பேர் வரிசையில் நின்றார்கள். எண்ணிக்கை ஒன்றைத் தாண்டக்கூடாது என்பதால் ஒரு விதி வந்தது. பூவாயிக்குச் சுகமானால்தான் அடுத்தவர் பெயர் ஏறும்.

வரிசையின் முதலில் நின்றவர் அவளுடைய பக்கத்து வீட்டுப் பொன்னுரங்கம். இரண்டு கண்ணும் தெரியாது. தானியக் கிடங்குக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு நல்லது கெட்டதுக்கெல்லாம் முதலில் ஓடிவருகிற மனிதர்.

"அக்கா, இன்னிக்குக் கால் எப்படியிருக்கு? கொஞ்சமாச்சும் தேவலையா?"

பூவாயிக்கு வெட்கமாக இருந்தது.

"அப்படியேதான் இருக்கு தம்பி" என்றாள். சொல்லிவிட்டு, அவருக்கு நன்றாகக் கேட்கும்படி காலைத் தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டே கூடைக்குப் போனாள்.