பதினொரு காரணங்களும் ஓர் இழுப்பறையும்

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நான், பாப்பா, உங்கள் தங்கை மூவரும் நலம். உங்கள் தங்கை நலம் என்பது பாப்பா வழியாக வந்த தகவல். நீங்கள் உங்கள் கையாலேயே செய்து தந்த சாப்பாட்டு மேஜையை விருந்தாளிகள் எதிரில் நான் நகத்தால் சுரண்டிப் பார்த்து, "கொஞ்சம் சொரசொரப்பா இருக்கே மச்சான்" என்றதும், நீங்கள் "போதும் மாப்பிள்ளை" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதும் நடந்து இருபத்திரண்டு நாளாகிறது. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றாலும் பாப்பாவிடம்தான் மனுப் போடவேண்டியிருக்கிறது.

பொருள்களின் மேற்பரப்பை ஒளியால் அளக்கும் உத்தியோகத்தில் பத்தொன்பது வருஷம் இருப்பவன், வாயால் சொன்னதைக் கருவியால் நிரூபிக்காமல் விடலாமா? நேற்றுக் காலை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, மூக்குக்கண்ணாடியைத் தேடக்கூட நேரமில்லாமல், மேஜையின் இழுப்பறையை உருவி, உள்ளே உருண்ட ஷூ பாலிஷ் டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினேன். முன்பலகையைக் கழற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், மேடுபள்ளம் ஒன்பது மைக்ரான்! துள்ளிக் குதித்தேன். குதித்ததில் கருவி ஆடி, அடுத்த தடவை பதினான்கு காட்டியது. லிஃப்ட் போனால் ஆறு, நான் தும்மினால் பதினேழு. எங்கள் தலைவி அம்மாள் வந்து, "நம்பர் கிடக்கட்டும் சார். அது எவ்வளவு தப்பா இருக்கலாம்னு கணக்குப் போட்டீங்களா?" என்றார். எங்கள் தொழிலில் அதைச் சொல்லாத அளவு அளவே இல்லை. லிஃப்ட், தும்மல், ஏசிக் காற்று, விளக்கின் சூடு, என் ஆத்திரம் என்று பதினொரு காரணம் எழுதிக் கூட்டினேன். ஒன்பது மைக்ரான், கூடவோ குறையவோ பத்து. "அப்ப பூஜ்யத்துக்குக் கீழயும் வழவழப்பா இருக்கலாமா? உங்க மச்சான் தச்சரா, மந்திரவாதியா?" என்று கேட்டுவிட்டு, அவரே குனிந்து திரையைப் பார்த்தார். "வார்னிஷ் கண்ணாடி மாதிரி இருக்கு சார். வெளிச்சம் அதுக்குள்ள புகுந்து அடியில இருக்கிற மரத்தை அளந்திருக்கு. வார்னிஷோட மேல்பக்கத்தை அளங்க."

அளந்தேன் மச்சான், மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்துத் தடவை அளந்தேன். கால் மைக்ரான்கூட இல்லை! ஒரு தலைமுடியை முந்நூறாகப் பிளந்தால்தான் அந்தக் கனம் வரும். சொரசொரப்பெல்லாம் என் நாக்கில்தான். வெட்கமாக இருக்கிறது, அதைவிடச் சந்தோஷமாக இருக்கிறது, தெருவில் போகிறவர்களை நிறுத்தி நிறுத்தி "என் மச்சான் செய்தது" என்று சொல்லலாம் போலிருக்கிறது. அளவை அறிக்கையை முத்திரை போட்டு இணைத்திருக்கிறேன். மன்னித்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து, பாதியில் விட்ட சாப்பாட்டை முடித்துப் போகவேண்டும். இதை ஒட்டி அனுப்பச் சொல்லி உங்கள் தங்கையிடமே, பாப்பா வழியாகக் கொடுத்தனுப்புகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்ட
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: அண்ணா, இது நான் எழுதுகிறேன். நீ செய்த மேஜைக்கு இழுப்பறையே கிடையாது. இவர் உருவிக்கொண்டு போனது பக்கத்தில் நிற்கிற, கடையில் வாங்கிய செருப்பு அலமாரியுடையது. உன் மேஜை சொரசொரப்புதான். பாப்பாவின் சட்டைக் கையை மூன்று தடவை இழுத்துவிட்டது. அதை நாலு பேர் எதிரில் சொன்னாரே என்றுதான் எனக்குக் கோபம். ஞாயிற்றுக்கிழமை வரும்போது உப்புத்தாள் கொண்டு வா. நான் இவரோடு இன்றைக்கே பேசிவிடுகிறேன். பதினொரு காரணம் எழுதியவர் கண்ணாடி போடாததை எழுதவில்லை. அளந்தது உன் மேஜையை இல்லை என்று மட்டும் இவரிடம் சொல்லிவிடாதே. பாவம், அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்.