குற்றாலக் கடைத்தெருவில் சுவீடன் பாஷை

குற்றாலத்து அருவிகூட வருஷத்தில் பாதி நாள் ஓய்வெடுக்கும். பம்பரம் அண்ணாச்சி ஓய்வெடுத்து யாரும் பார்த்ததில்லை. சலூனில் பாதி முடி வெட்டியிருக்கும்போதே எழுந்து போய், தென்காசி பஸ்ஸில் யார் வந்து இறங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து உட்காருவார். அதனால் அவருடைய கிருதாக்கள் இரண்டும் எந்தக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் நான் தென்காசியில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ்ஸேறிக் குற்றாலம் போய்விடுவேன். அங்கே ஒரு பண்ணையாருடைய பங்களாவைப் பார்த்துக்கொள்வதும், சீசனில் அதை வாடகைக்கு விடுவதும் பம்பரத்தின் உத்தியோகம். பின்கட்டில் ஓர் அறையில் குடியிருந்தார். நிஜப் பெயரைக் கேட்டால், "அது எதுக்கு தம்பி இப்ப" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

சாரல் விழுந்ததும் வருஷாவருஷம் அந்தப் பங்களாவுக்கு ஒரு சுவீடன் நாட்டு நர்ஸம்மா வருவார். கிழக்கே எங்கோ ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை. தமிழ் நன்றாகவே பேசுவார். பைபிளை வாசித்துக் கற்றுக்கொண்ட தமிழ் என்பதால் கத்தரிக்காய் கேட்டால்கூடப் பிரசங்கம் கேட்டது போல இருக்கும். ஆனால் கடைக்காரர் விலையைச் சொன்னதும் தமிழ் போய்விடும். தனக்குள் சுவீடன் பாஷையில் முணுமுணுப்பார். குற்றாலத்தில் சீசன் விலையைக் கேட்டால் யாருக்குத்தான் தாய்மொழி ஞாபகம் வராது?

அந்த முணுமுணுப்புக்கு அர்த்தம் தெரியும்வரை பம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய்க் கேட்டுக் கேட்டு, கடைசியில் அந்தம்மாவும் சொல்லிக்கொடுத்துவிட்டார். 'தே கோஸ்தர் ஷூர்த்தன்' என்றால், இந்தச் சாமானுக்கு விலை நம் உடம்பில் இருக்கும் சட்டை. 'சால்தா நூத்தன்' என்றால் பில்லில் உப்பை அள்ளிப் போடுவது, அதாவது கண்டபடி தீட்டுவது. 'ஹூத்லோஸ்த்' என்பது வெட்கங்கெட்ட விலை. பன்றியைச் சேர்த்துத் திட்டுகிற ஒன்றும் உண்டு. சாயபுமார் கடைகள் நிறைந்த கடையநல்லூருக்குக் கைலி வாங்கப் போகும்போது மட்டும் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிற விவேகம் அவருக்கு இருந்தது.

மற்ற இடங்களில் பூந்து விளையாடினார். ஓட்டலில் பில் வந்ததும் "உப்பு ஜாஸ்தி" என்பார். முதலாளி சாம்பாரை ருசி பார்க்க அடுப்படிக்கு ஓடுவார். ஒருநாள் ஜட்கா வண்டிக்காரர் சொன்ன கூலியைக் கேட்டு, 'தே கோஸ்தர் ஷூர்த்தன்' என்று முழங்கியபடி நடுத்தெருவிலேயே சட்டையைக் கழற்றிக் காட்டினார். குற்றாலத்தில் ஒருவன் சட்டையைக் கழற்றினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் நாலு பேர் கிண்ணத்தோடு ஓடிவந்து, அவர் வாய் திறப்பதற்குள் தலையில் எண்ணெயை வைத்துவிட்டார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வருஷம் பண்ணையார் வாடகையை ஏற்றிவிட்டார். நர்ஸம்மா பெட்டியை அடுக்கத் தொடங்கினார். மறுநாள் கிளம்புவதாகவும், இனிமேல் ஓய்வுக்குக் கொடைக்கானலுக்கே போய்க்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். அந்தம்மா போனால் பம்பரமும் இடத்தைக் காலி பண்ணவேண்டியதுதான் என்று பண்ணையார் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். அன்று சாயங்காலம் நான் போனபோது அண்ணாச்சி வாசலுக்கும் பின்கட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"தம்பி, இந்த மலைய விட்டா எனக்குப் போக்கிடம் கெடையாது" என்றார். நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் சாரலில் நனைந்துகொண்டே கடைத்தெருப் பக்கம் ஓடிவிட்டார்.

மறுநாள் காலையில் பயணத்துக்குப் பழம் வாங்க நர்ஸம்மா புறப்பட்டார். கூடையோடு பம்பரம், குடையோடு நான். குற்றாலக் கடைத்தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் எந்த ஊரோ அந்த ஊர்ப் பாஷையில்தான் கூப்பிடுவார்கள். கொல்லத்துக்காரருக்கு மலையாளம், மதுரைப் பட்டுநூல்காரருக்கு சௌராஷ்டிரம். நாங்கள் திருப்பத்தில் கால் வைத்ததுதான் தாமதம், மங்குஸ்தான் கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக, "ஹூத்லோஸ்த்து, அம்மா, ஹூத்லோஸ்த்து" என்று கூவினார். எதிர்க் கடையிலிருந்து "தே கோஸ்தர் ஷூர்த்தன்" வந்தது. சிப்ஸ் கடைக்காரர் கரண்டியை ஆட்டியபடி பன்றியையே கூப்பிட்டுவிட்டார். வெட்கங்கெட்ட விலை, சட்டை விலை, பன்றி விலை என்று கடைத்தெருவே அந்தம்மாவை வரவேற்றது.

நர்ஸம்மா அப்படியே நின்றுவிட்டார். முகம் சிவந்துவிட்டது. பம்பரத்தின் வேலை போயிற்று என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

"அண்ணாச்சி, இதுக்கெல்லாம் என்ன அர்த்தம்னு தெரிஞ்சுதான் சொல்லிக்குடுத்தியளா?" என்று அவர் காதில் கேட்டேன்.

"தெரியாம என்ன? அந்தம்மா பாஷையில கூப்புடணும்லா. எனக்குத் தெரிஞ்சது இம்புட்டுத்தான தம்பி, நான் எங்க போவேன்?" என்றார்.

நர்ஸம்மா மங்குஸ்தான் கடை முன்னால் கவிழ்த்துப் போட்டிருந்த கூடைமேல் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது அழுகையாக மாறிவிட்டது. கடைக்காரரிடம் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அவரும் பயபக்தியோடு சொல்லிவிட்டு, பழத்தின் விலையையும் ஒரு பைசா குறைக்காமல் சொன்னார்.

"அண்ணாச்சி, நான் இந்தத் தேசத்துக்கு வந்த நாள்முதல் என் வீட்டுப் பேச்சைப் பிறர் வாயிலே கேட்டதில்லை" என்றார் நர்ஸம்மா.

பம்பரம் கூடையில் பழத்தை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே பெட்டி பிரிக்கப்பட்டது. ஏற்றிய வாடகையை அந்தம்மா முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தன் நாட்டுக்குப் போகும்வரை ஒரு சாரலும் தவறாமல் வந்தார்.

நான் இப்போது பம்பாயில் இருக்கிறேன். சாயங்காலம் கடைத்தெருவில் நடக்கும்போது, "ஏலே, இங்கன வா" என்று யாராவது ஒருத்தர் கூப்பிட்டு என்னை நன்றாக ஏமாற்றிவிட்டால் தேவலை என்றிருக்கிறது. பம்பரம் அண்ணாச்சி இங்கே இருந்தால் கடை கடையாக ஓடி, அதற்கும் ஓர் ஏற்பாடு செய்திருப்பார்.