நான் எழுதிய பட்டியலில் என் பெயர் இல்லை

தியாகதுருகம்,
12.10.1987

மதிப்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து, தாய்மாமா தனசேகரன் அவர்களுக்கு, தங்கள் அக்காள் ரங்கம்மாளின் மகன் அறிவுச்செல்வன் வணங்கி எழுதுவது.

இங்கு அப்பா, அம்மா, இரண்டு மாடு, ஒரு கன்று எல்லாரும் சௌக்கியம். அங்கே திருக்கோவிலூரில் தாங்களும் அத்தையும் ஆண்டாளும் உரக்கடையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். மலைமேல் உள்ள கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை என்னாயிற்று, தை மாதத்துக்குள் எனக்கு ஒரு உத்தியோகம் ஆகாவிட்டால் ஆண்டாளை நெய்வேலிப் பையனுக்குப் பேசி முடித்துவிடுவேன் என்று தாங்கள் எழுதிய கார்டு கிடைத்தது. கார்டு என்பதால் முதலில் தபால்காரர் படித்தார். பிறகு அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். நான் வயலிலிருந்து வருவதற்குள் தெரு முழுவதும் எனக்காக வருத்தப்பட்டு முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருந்தது.

மாமா, வேலை கிடைக்கவில்லை. இதைத் தாங்கள் ஊகித்திருப்பீர்கள். ஆனால் எப்படிக் கிடைக்கவில்லை என்பதை யாராலும் ஊகிக்க முடியாது.

இதற்கு முன் பதினோரு இன்டர்வியூ போயிருக்கிறேன். முதல் இன்டர்வியூவில் பெயரைக் கேட்டார்கள், நான் "பி.ஏ. வரலாறுங்க" என்றேன். கடலூரில் ஒரு இடத்தில் ஏன் வரலாறு எடுத்தாய் என்று கேட்டபோது, மற்றதில் இடம் கிடைக்கவில்லை என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். இன்னொரு இடத்தில் என் பெயரைப் பார்த்துவிட்டு மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அத்துடன் சரி, கேள்வியே கேட்கவில்லை. தாத்தா ஏதாவது ஒரு சாமி பெயரை வைத்திருந்தால் எதிர்பார்ப்பு இவ்வளவு இருந்திருக்காது. இந்தப் பன்னிரண்டாவதில் மட்டும் எனக்கு நம்பிக்கை இருந்தது. மலையில் போய்த் தங்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள், ஆகவே வேறு வழியில்லாமல் என்னை எடுத்துக்கொள்வார்கள் என்பது என் கணக்கு.

செப்டம்பர் பத்தொன்பது காலை பத்து மணிக்குக் கள்ளக்குறிச்சியில் நேர்காணல். இட ஒதுக்கீடு கேட்டு அந்த வாரம் முழுக்கச் சாலை மறியல் நடந்ததும், நம் தென்னாற்காடு ஜில்லாவில் ரோட்டோரத்து மரங்களெல்லாம் வெட்டுப்பட்டு ரோட்டுக்கு வந்துவிட்டதும் தங்களுக்குத் தெரியும். பஸ் கிடையாது, சைக்கிள் கூடப் போகாது. சர்டிபிகேட் ஃபைலை மஞ்சள் பைக்குள் போட்டு, முழுக்கைச் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, விடிவதற்கு முன்னால் நடக்க ஆரம்பித்தேன். முதல் மரம் ஒரு புளியமரம், ஏறிக் குதித்தேன். இரண்டாவதில் கட்டெறும்பு இருந்தது, அதைப் பற்றி விவரமாக எழுதுவது மரியாதையாக இருக்காது. மூன்றாவது மரத்தில் மனிதர்கள் இருந்தார்கள். எல்லாரும் நம் ஊர்க்காரர்கள்தான், நடுவில் மாயவன் உட்கார்ந்திருந்தான். எட்டாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் படித்தானே, இரட்டை நாடி உடம்பு, அந்த மாயவன்.

"எங்கடா போய்க்கினு கீற?" என்றான்.

இன்டர்வியூவுக்கு என்றேன்.

"உன்ன மாதிரி படிச்சவனுக்கு வேல கெடைக்கணும்னுதான் நாங்க மூணு நாளா நடு ரோட்ல குந்திக்கினு கீறோம். நீ எங்களயே தாண்டிக்கினு வேலைக்குப் போறேன்றியே, இது ஞாயமா?"

மாமா, நான் நின்று யோசித்துப் பார்த்தேன். எனக்காக நடக்கிற போராட்டத்தை நானே மீறிப் போனால், அப்புறம் எனக்காக யார் போராடுவார்கள்? போகாமல் இருந்தால், யாருக்காக அவர்கள் போராடுகிறார்கள்? பி.ஏ. படித்ததில் ஒரு கேள்விக்கு இரண்டு பக்கமும் பார்க்கத் தெரிகிறது, எந்தப் பக்கம் போவது என்றுதான் தெரிவதில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்தவனைச் சும்மா இருக்க விடவில்லை. தாசில்தாருக்கு நல்ல தமிழில் ஒரு மனு எழுதிக் கொடு என்றார்கள். எனக்கும் உற்சாகமாகிவிட்டது. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு, நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக மண்ணைக் கிளறி மண்ணாகவே போவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். ஆனால் ஆறு வருஷமாக ஒரே மாதிரி விண்ணப்பம் எழுதிய கை அல்லவா, முடிக்கிற இடத்தில் அது தன்பாட்டுக்கு, இப்பணியை எனக்கு அளித்தால் தங்கள் மனம் கோணாமல் நடந்துகொள்வேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டது. மாயவன் எழுத்துக் கூட்டிக் கடைசி வரை படித்தான். "எல்லாருக்கும் கேளுடான்னா உனுக்கு மட்டும் கேட்டுக்கினு கீற" என்றான். யாரும் கோபப்படவில்லை, சிரித்தார்கள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

எட்டு மணிக்குப் போலீஸ் வந்தது. வேன் மரத்துக்கு அந்தப்பக்கம் கள்ளக்குறிச்சியைப் பார்த்தபடி நின்றது. எல்லாரையும் அதில் ஏறச் சொன்னார்கள். எனக்கு அது கடவுள் அனுப்பிய வண்டியாகத் தெரிந்தது. முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இத்தனை ஆசையாக ஏறுகிறவனை அந்தப் போலீஸ்காரர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது, என் மஞ்சள் பையை வாங்கி இரண்டு தரம் சோதித்தார். வேறு ஊர்களில் அந்த வாரம் துப்பாக்கிச் சூட்டில் உயிர் போயிருக்கிறது மாமா. அதை நினைத்தால் எங்கள் வேன் நிஜமாகவே புண்ணியம் செய்த வேன்தான்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள். நான் கல்யாண மண்டபத்துக்குள் மாலையோடு நுழைவதைப் பார்க்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டாள். இன்டர்வியூ நடக்கும் இடம் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. மணி ஒன்பதேகால். பேரைப் பதிந்துகொண்டதும் கையைக் காலைப் பிடித்து ஒரு மணி நேரம் அனுமதி வாங்கலாம் என்று வரிசையில் நின்றேன். பேர் எழுதியவர் பழனி என்ற ஏட்டு. காலையிலிருந்து இது மூன்றாவது மண்டபமாம், கை வீங்கியிருந்தது. என் ஃபைலைப் பார்த்துவிட்டு, "கையெழுத்து நல்லாருக்குமா?" என்று கேட்டார். ஒன்பதாம் வகுப்பில் கையெழுத்துப் போட்டியில் வாங்கிய சர்டிபிகேட்டை எடுத்துக் காட்டினேன். பதினோரு இன்டர்வியூவில் யாரும் திருப்பிப் பார்க்காத காகிதம் அது. பழனி படித்துப் பார்த்துவிட்டு எழுந்து நாற்காலியை எனக்குக் கொடுத்தார்.

மேசைக்கு அந்தப்பக்கமே நின்று பழகியவன் முதன்முதலாக இந்தப்பக்கம் உட்கார்ந்தேன் மாமா. பெயர், தகப்பனார் பெயர், வயது, ஊர், படிப்பு, தொழில். பத்துப் பேர் தாண்டியதும் எனக்குப் புருவம் தானாக உயர ஆரம்பித்தது. சரியாகப் பதில் சொல்லாதவர்களிடம் பெருமூச்சு விட்டேன். மாயவன் முறை வந்தது. படிப்பு எட்டாவது என்றான். நான் பேனாவை மூடித் தாடையில் வைத்துக்கொண்டு, ஏன் மேலே படிக்கவில்லை என்று கேட்டேன். பட்டியலில் அப்படி ஒரு கட்டமே இல்லை.

"எங்கப்பன் படுத்த படுக்கையாயிட்டாரு. ஏர் புடிக்க ஆளில்ல. உனுக்குத் தெரியாதா?" என்றான்.

தெரியும். என் கணக்கு நோட்டை அவனிடம் கொடுத்துவைத்திருந்தேன், அதைத் திருப்பிக் கொடுக்க வந்தவன் அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் வரவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது, இந்தப் பதினோரு இடத்திலும் என்னை யாரும் இவ்வளவு கேவலமாகக் கேட்டதில்லை. அதற்குப் பிறகு தலை நிமிராமல் எழுதினேன். நூற்று அறுபத்து மூன்று பேர். முடித்துப் பழனியிடம் கொடுத்தபோது மணி பன்னிரண்டு, பத்து மணி இன்டர்வியூவுக்கு அனுமதி கேட்கவே மறந்துபோயிருந்தேன். அவர் பார்த்துவிட்டு, அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி எடுத்துக்கொண்டு அடுத்த மண்டபத்துக்குப் போய்விட்டார்.

மத்தியானம் பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள். கடைசி வரை என் பெயர் வரவில்லை. எழுதிய நூற்று அறுபத்து மூன்று பெயரில் என் பெயரை எழுதவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மாயவன் தன் பொட்டலத்தில் பாதியைக் கொடுத்தான். சாயங்காலம் அதே பட்டியலைப் பார்த்து விடுதலை செய்தார்கள். மண்டபம் காலியாகி நான் மட்டும் நின்றேன். இன்ஸ்பெக்டர் வந்து நீ யார் என்றார். கைதி என்றேன். லிஸ்ட்டில் பேர் இல்லையே என்றார். வேனில் ஏற்றி வந்ததைச் சொன்னேன். லிஸ்ட் எழுதியது யார் என்றார். நான்தாங்க என்றேன். என்னைப் பார்த்தார். பதினோரு கமிட்டியும் என்னைப் பார்த்த அதே பார்வை. கைதாகாதவனை எப்படி விடுதலை செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை, கடைசியில் "போய்யா" என்று மட்டும் சொன்னார். வாசலுக்குப் போவதற்குள் மண்டபத்து வாட்ச்மேன் என்னைச் சமையல்காரரோடு வந்த ஆள் என்று நினைத்து ஜமுக்காளங்களைச் சுருட்டச் சொன்னார். சுருட்டிக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்குக் கொடுக்கப்பட்ட வேலைகளில் தவறில்லாமல் செய்தது அது ஒன்றுதான்.

வெளியே நம் ஊர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ரோட்டோரம் காத்திருந்தார்கள். நேரமாகிறதே, போயிருக்கலாமே என்றேன். "கூட இட்டாந்துட்டு வுட்டுட்டா போவ முடியும்?" என்றான் மாயவன்.

அன்றைக்கு இன்டர்வியூவே நடக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதிகாரி மலைக்கு இந்தப்பக்கம் வர முடியாமல் ஒரு மரத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாராம். அக்டோபர் ஏழாம் தேதி மலைமேலேயே வைத்துக்கொள்வதாகக் கார்டு வந்தது, கூடவே ஒரு படிவம். அதில் ஒரு கட்டம், எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்று. ஆம் என்று எழுதித் தேதியையும் போட்டு அனுப்பினேன். கச்சிராயபாளையம் தாண்டிப் பஸ் வளைந்து வளைந்து ஏறியதில் என் பொது அறிவு முழுவதும் வயிற்றிலிருந்து வெளியே வந்துவிட்டது. மேலே போனபோது காலியாகவும் சுத்தமாகவும் இருந்தேன்.

உள்ளே மூன்று பேர். ஒரு அதிகாரி, ஒரு செயலாளர், மலைக்கிராமத்து உறுப்பினர் இருசம்மாள் என்று ஒரு அம்மா. அதிகாரி படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நாங்கள் விசாரித்தோம், அந்தத் தேதியில் கைதானவர் பட்டியலில் உன் பெயர் இல்லை என்றார். "இல்லைன்னு பொய் எழுதறவங்கள பாத்திருக்கேன். ஆமாம்னு பொய் எழுதினவன் நீதாம்ப்பா." நான் பதறிப்போய் முழு விவரத்தையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்தான். கேட்டு முடித்துவிட்டு, அப்படியானால் நூற்று அறுபத்து மூன்று பெயர் எழுதும்போது ஒரு பெயரை, அதுவும் சொந்தப் பெயரை விட்டவனிடம் சங்கத்தின் புத்தகங்களை எப்படி ஒப்படைப்பது என்று கேட்டார். பொய்யனாக இருந்தாலும் வேலை இல்லை, யோக்கியனாக இருந்தாலும் வேலை இல்லை. இரண்டு பக்கமும் கதவைச் சாத்திக்கொண்டு நடுவில் நின்றேன்.

இருசம்மாள்தான் சிரித்துக்கொண்டே பேசினார். "புள்ள நெசந்தான் பேசுது. ஆனா எங்க ஊர்லயே ஒரு பையன் பன்னெண்டாவது படிச்சிட்டு ஆடு ஓட்டிக்கினு கீறான். அவன வுட்டுட்டு கீழேருந்து உன்ன கூட்டியாந்தா, ஞாயமா சொல்லு தம்பி."

நியாயம் என்று மூன்று வாரத்துக்கு முன் ரோட்டில் உட்கார்ந்தவன் நான். என்ன சொல்வேன்? அவனுக்கே கொடுங்கம்மா என்று சொல்லிவிட்டு எழுந்து கும்பிட்டேன். ஒரு இன்டர்வியூவில் நான் சரியான பதில் சொல்லி, மூன்று பேரும் தலையாட்டியது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா வெளியே வந்து ஒரு பிடி கடுக்காய் கொடுத்து, பஸ்ஸில் வாந்தி வராமல் இருக்க ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார். இறங்கும்போது வரவில்லை.

ஆகவே மாமா, நன்றாக யோசித்து எழுதுகிறேன். ஆண்டாளை எனக்காகக் காத்திருக்க வைக்க வேண்டாம். நெய்வேலிப் பையனுக்கே தைரியமாகப் பேசி முடியுங்கள். சின்ன வயதிலிருந்து எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கும் ஒரு நினைப்பு இருந்தது உண்மைதான். அது என் கஷ்டம், அவளுக்கு எதற்கு? வருகிற வாரம் முதல் அப்பாவோடு கரும்புத் தோட்டத்துக்குப் போகிறேன். ஏர் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று மாயவன் சொல்லியிருக்கிறான், அவன் படிப்பு எதுவும் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பந்தலில் நின்று பரிமாற நான் வருவேன். இந்த முடிவில் எந்த மாற்றமும் இல்லை.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் முழங்கால் வலி தீரவும், கடையில் வியாபாரம் பெருகவும், ஆண்டாள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கவும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அக்காள் மகன்,
அறிவுச்செல்வன், பி.ஏ.

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடக் கிளம்பியபோது ஆண்டாளிடமிருந்து கவர் வந்தது. பரீட்சை எழுதித் தேறி, கள்ளக்குறிச்சியில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சர் வேலைக்கு அவளுக்கு ஆர்டர் வந்திருக்கிறதாம். உத்தியோகம் உள்ள வீடுதான் அப்பாவுக்கு வேண்டும் என்றால் அது இப்போது இருக்கிறது, கரும்பு வெட்டுகிற மாப்பிள்ளையானாலும் எனக்குச் சம்மதம், நீங்கள் வந்து கேட்கிறீர்களா அல்லது நானே கேட்கட்டுமா என்று எழுதியிருக்கிறாள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிட வேண்டாம் என்று கடைசி வரியில் இருக்கிறது. அந்த வரியைப் படிப்பதற்குள் அவள் வேலை விஷயத்தை மேலே மையில் எழுதிவிட்டேன், அடித்தால் அசிங்கமாக இருக்கும். ஆகவே மாமா, நெய்வேலி பற்றிய பாராவை மட்டும் தாங்கள் படிக்காததாக வைத்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா அப்பாவோடு பெண் கேட்க வருகிறேன். என்னிடம் கேள்வி எதுவும் கேட்காதீர்கள், கேட்டால்தான் கெட்டுப்போகிறது.