மாப்பிள்ளை வண்டிக்குப் புதுப் பிரேக்

சாய்ந்தமருது,
ஞாயிற்றுக்கிழமை.

என்றும் அன்புக்குரிய ஹமீட் காக்கா அவர்களுக்கு, தங்கச்சி றுகையா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். தோஹாவில் உங்களுடைய உடல்நலத்துக்கும் உழைப்பின் பரக்கத்துக்கும் ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறோம். உம்மா, வாப்பா, நான், உங்கள் மச்சான் றிபாஸ், உங்கள் மருமகன் ஹாதிக் எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். வண்டியும் சுகம். அதனுடைய சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

"கலியாணத்துக்கு வண்டி ரெடியா?" என்று நீங்கள் கேட்டு ஒரு மாதமாகிறது. பிந்திப் பதில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஏழு நிமிடம் கதைத்து அனுப்பினால் நீங்கள் பத்து செக்கன் கேட்டுவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவீர்கள். கடிதமென்றால் கட்டைவிரல் காட்ட ஏலாது, முழுக்க வாசிக்கத்தான் வேண்டும். முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அடுத்த மாதம் நீங்கள் மாப்பிள்ளையாக மருதமுனைக்குப் போகும்போது ஒரு நல்ல வேனில் போங்கள். கலியாணம் முடிந்த கையோடு உங்களுடைய பழைய எம்ஜி கார் வண்டியையும் பெண் வீட்டுக்கே எடுத்துப் போய்விடுங்கள். நம்ம ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் இருப்பதுதானே வழமை? மாப்பிள்ளையின் உடுப்புப் பெட்டி போகிறது, வண்டி ஏன் போகக்கூடாது?

நீங்கள் அதைப் பதுளையில் வாங்கிக்கொண்டு வந்து, "ஆறு மாசத்துக்கு உன்ட வளவுக்குள்ள நிக்கட்டும் புள்ள" என்று சொல்லி விட்டுப்போய் ஆறு வருடம். அப்போது நான் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு இரண்டு வயதில் ஒரு மகன் இருக்கிறான். மேசை மூலைகளுக்கெல்லாம் ரப்பர் ஒட்டி, வாளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் மிச்சம் வைக்காமல், கிணற்றுக்கு வலை போட்டுப் பூட்டும் போட்டுப் பிள்ளை வளர்க்கிறவள் நான். அப்படிப்பட்டவளின் வாசலில், இரண்டே இரண்டு இருக்கையோடு, கூரை இல்லாமல், நிலத்தோடு நிலமாய்க் கிடக்கிற, வாப்பாவின் வயதுள்ள ஒரு சிவப்பு வண்டி. நாலு சில்லுக்கும் பழைய டிரம் பிரேக். பெடலை மூன்று தரம் அடித்தால்தான் நாலாம் தரம் யோசிக்கும். அதற்குள் ஏறியிருந்தால்தான் உங்கள் மருமகன் சோறு தின்பான். எனக்கு எப்படி நித்திரை வரும், சொல்லுங்கள்.

மாரி முடிந்ததும், பெண் வீட்டார் மாப்பிள்ளை வண்டியைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று உங்கள் மச்சான் தனியாக மருதமுனைக்கு ஓட்டிக்கொண்டு போனார். நான் வேண்டாமென்றுதான் சொன்னேன். கல்முனைச் சந்தியில் நின்றதாம், பாண்டிருப்பில் நின்றதாம். நம்ம புதுப்பெண் நுஸ்ரத்தின் வீட்டடியில், உங்கள் வருங்கால மாமனார் தொடக்கம் எல்லோரும் கேற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிற நேரம், சேற்றுக்குள் கால் வைத்த மாதிரிப் பெடல் உள்ளே போய்விட்டது. கேற்றடியில் நின்றவர்கள் பாய்ந்து விலக, இவர் கேற்றால் நுழைந்து, கைத்தறிக்குச் சாயம் போட்டுக் காயப்போட்டிருந்த நூலையெல்லாம் கொடியோடு அறுத்துக்கொண்டு, வாழைப் பற்றைக்குள் போய்த்தான் நின்றார். அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பச்சையும் ஊதாவுமாய் நூல் சுற்றியபடி, மாப்பிள்ளைக்கு முந்தி வண்டி மாலை போட்டுக்கொண்டு நின்றதாம். உங்கள் மாமனார் கோபிக்கவில்லை. வாழை இலையை விலக்கிவிட்டு இவ்வளவுதான் சொன்னாராம்: "தம்பி, வாறதெல்லாம் நல்லாத்தான் வருகிது. நிக்கவும் பழக்கிக் கொண்டு வாங்க. எங்கட புள்ளையும் ஏறப்போற வண்டி."

இது உங்கள் காதுக்கு வந்ததும் நீங்கள் இங்கிலாந்திலிருந்து முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் எடுப்பித்து, பேரீச்சம்பழப் பெட்டிக்குள் வைத்து அனுப்பினீர்கள். அனுப்பியவர் இது இன்ன சாமான் என்று ஒரு வரி எழுதக்கூடாதா காக்கா? பெட்டியைப் பிரித்தது உம்மா. உங்கள் மச்சான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து முடித்து வருவதற்குள், வட்டமான அந்த இரண்டு இரும்பையும் கழுவி, அடுப்பில் சூடுகாட்டி, தேங்காய் எண்ணெய் பூசி, வெங்காயத்தை வெட்டித் தேய்த்து, புது ரொட்டிக் கல்லைப் பழக்குகிற முறையில் மூன்று தரம் பழக்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தா.

"மகன் நல்ல பாரமான கல்லு அனுப்பியிரிக்கான். நடுவில இந்த ஓட்டை என்னத்துக்கு எண்டுதான் எனக்கு விளங்கல்ல."

"உம்மா, அது பிரேக்!"

"பிரேக்கா? சரி, அதுக்கென்ன. இனி ஒட்டாது."

ஒட்டிப் பிடிப்பதற்கென்றே உண்டாக்கிய சாமான் காக்கா அது! மெக்கானிக் நஸீர் பாஸ் வந்து இரண்டையும் தூக்கி மணந்து பார்த்துவிட்டு, "சேர், இதில என்ன, முட்டை ரொட்டியா சுட்ட?" என்று கேட்டார். ஒரு பகல் முழுக்கப் பெற்றோலால் கழுவித்தான் அந்த எண்ணெய் போனது. உம்மா இன்றுவரை, தன்னுடைய நல்ல கல்லைக் கொண்டுபோய்ச் சில்லில் மாட்டிவிட்டார்கள் என்றுதான் மாமிமாருக்குச் சொல்லித் திரிகிறா.

இனித்தான் பெரிய கதை. பிரேக் குழாய்க்குள் காற்று இருக்கக்கூடாது. ஒயில் நசியாது, காற்று நசியும். ஒரு குமிழ் நின்றாலும் நாம் மிதிக்கிற பலமெல்லாம் அதை நசிப்பதிலேயே போய்விடும். காற்றை வெளியே எடுப்பதற்கு ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், மற்றவர் சில்லடியில் படுத்துக்கொண்டு ஒரு சின்ன நிப்பிளைத் திறந்து பூட்ட வேண்டும். பூட்ட முந்திக் காலை எடுத்தால் போன காற்று திரும்பி வந்துவிடும். பாஸ் சில்லடியில். உங்கள் மச்சான் ஒயில் போத்தலோடு பொனற்றடியில். மிதிக்க ஆள் நான்தான். சில்லுகளுக்குக் கல் வைத்திருக்கிறதா என்று நாலு தரம் கேட்டுவிட்டு, ஹாதிக்கை மடியில் வைத்துக்கொண்டு ஏறி இருந்தேன்.

"அடி... அடி... அடி... புடி! உட்ராதங்க தங்கச்சி!"

பிடித்தேன். அந்த நேரம் பார்த்து அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பாஸ் எழும்பினார், கை கழுவினார், "வாங்க சேர், ஜமாஅத் தப்பிரும்" என்று உங்கள் மச்சானையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். 'உடு' என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் கூப்பிட்டது பாங்குச் சத்தத்தில் கேட்கவுமில்லை. கொழும்பிலிருந்து எடுப்பித்த ஒயிலில் கால் போத்தல்தான் மிச்சம். காலை எடுத்தால் எல்லாம் முதலிலிருந்து. எடுக்கவில்லை காக்கா. ஒலுவிலில் இந்தப் பாடத்தில் 'ஏ' எடுத்தவள் எப்படி எடுப்பது?

அந்த நேரம் ஹாதிக் ஹோர்னைக் கண்டுபிடித்துவிட்டான். அவன் அடித்த அடியில், பின்நேர மீன் வந்துவிட்டதென்று மூன்று வீட்டுப் பெண்கள் சட்டியோடு ஓடி வந்தார்கள்.

"மீன்காரன் எங்க கா?" என்றா முன்வீட்டு மாமி.

"மீன்காரன் இல்ல மாமி. நான் பிரேக் புடிச்சிக்கிட்டு இரிக்கன்."

"நிக்கிற வண்டிக்கு என்னத்துக்கு புள்ள பிரேக்? எறங்கி வந்து தேத்தண்ணியக் குடி."

"ஏலா மாமி. காலை எடுத்தா காத்துப் பூந்திரும்."

மாமி என்னைப் பார்த்தா, மற்ற இரண்டு பேரையும் பார்த்தா. மெதுவாக நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தா. நான் திரவ அமுக்கத்தைப் பற்றி மூன்று பேருக்கும் ஒரு பாடமே எடுத்தேன். விளங்கியதோ இல்லையோ, ஒருவர் ஹாதிக்கைத் தூக்கிக்கொண்டா, ஒருவர் தண்ணீர் பருக்கினா, மாமி சட்டியைக் கீழே வைத்துவிட்டு என் கெண்டைக்காலை அமுக்கிவிட்டா. பிள்ளைப்பேற்றுக்குக்கூட எனக்கு இவ்வளவு கவனிப்புக் கிடைக்கவில்லை. அரை மணித்தியாலம் கழித்து, தொழுது, பள்ளிவாசலுக்கு வெளியே தேத்தண்ணியும் குடித்துவிட்டு இருவரும் ஆடி அசைந்து வந்தார்கள்.

"என்ன தங்கச்சி, இன்னும் எறங்கல்லியா?"

"உடு எண்டு நீங்க சொல்லல்லியே பாஸ்!"

"நான் நிப்பிளப் பூட்டிட்டுத்தானே எழும்பின."

உங்கள் மச்சான் சிரித்தார். அன்று இஷாத் தொழுகை வரைக்கும் நான் அவரோடு கதைக்கவில்லை. ஆனால் பாஸ் கையால் பெடலை அமத்திப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி இரிக்கி. இப்பிடியொரு காலு இந்தக் கல்முனையில இல்ல சேர்" என்றார். அது மட்டும் கேட்க நல்லாத்தான் இருந்தது.

நம்ம கரை முழுக்க மட்டமான நிலம், பிரேக் சோதிக்க ஒரு இறக்கம் கிடையாது. ஊருக்குள்ளே சனம். ஆகவே நேற்றுக் காலை ஹாதிக்கை உம்மாவிடம் விட்டுவிட்டு நானும் உங்கள் மச்சானும் கிட்டங்கி வீதியால் நாவிதன்வெளிப் பக்கம் போனோம். முப்பதுக்கு மேலே முள் ஏறாமல் பார்ப்பதற்காகத்தான் நான் கூடப் போனது. அப்படியும் நாற்பதில் ஒரு வளைவைத் தாண்டினால், பாதி வீதிக்கு நெல் காய்கிறது, மற்றப் பாதியில் ஒரு உழவு இயந்திரம் வருகிறது. பழைய பழக்கத்தில் மூன்று தரம் அடிக்கக் காலைத் தூக்கினார். முதல் அடியிலேயே வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. என்னுடைய முக்காடுதான் நிற்காமல் முன்கண்ணாடிக்குப் போனது. நெல்லுக்கும் வண்டிக்கும் இடையில் ஒரு முழம் இருந்தது.

காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த இளையதம்பி என்கிற வயற்காரர் வந்து அந்த ஒரு முழத்தைக் குனிந்து பார்த்தார். "இந்த றோட்டில என்ட நெல்லுக்கு நிண்ட முதல் வாகனம் இதான் சேர்" என்றார். "மத்தவன் எல்லாம் மேலால ஏத்திக்கிட்டுப் போய் ஹோர்ன் அடிச்சிக் காட்டுவானுகள்."

உங்கள் மச்சான், "புடிச்ச காலு உன்டதானே, நீயே ஓடிப் பாரு" என்று இறங்கிக்கொண்டார். லைசன் எடுத்து அலுமாரிக்குள் வைத்திருந்தவள் வண்டியை ஓட்டினேன். மதகடி வரைக்கும் போய் வந்தேன். நிற்கத் தேவையில்லாத இடத்திலெல்லாம் நிற்பாட்டினேன். காற்று, இரண்டு பக்கமும் வயல், மிதித்தால் நிற்கிறது. பன்னிரண்டாம் தரம் நிற்பாட்டியபோது இளையதம்பி அண்ணன், "தங்கச்சி, பெற்றோல் முடிய முந்தி வீட்ட போங்கோ" என்று எங்களை வழியனுப்பினார்.

ஆகவே காக்கா, பிரேக் திறமாய்ப் பிடிக்கிறது. ஆனாலும் என் கோரிக்கையில் மாற்றமில்லை. பிரேக் இல்லாத வண்டியை உங்கள் மச்சான் பயந்து பயந்தாவது வாசலில் நிறுத்தி வைத்திருந்தார். இனி நிற்குமா? இருக்கைகளுக்கு நடுவில் ஹாதிக்குக்கு அளவாய் ஓர் இருக்கை தைக்க இப்போதே ஆள் தேடுகிறார். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. நீங்கள் வேனில் போங்கள், வண்டியை மருதமுனைக்கு எடுங்கள், என்னை நிம்மதியாய் உறங்க விடுங்கள்.

உங்களுடைய பயணத்தையும் மணவாழ்வையும் அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக. உம்மாவும் வாப்பாவும் ஸலாம் சொல்லச் சொன்னார்கள். ஹாதிக் ஹோர்ன் அடித்து ஸலாம் சொல்கிறான். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கச்சி,
றுகையா றிபாஸ்.

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகிற நேரம் நுஸ்ரத் கோல் எடுத்தாள். "மச்சி, வண்டிக்கு வாசல்ல தகரக் கூரை போட்டாச்சி. கேற்றையும் ரெண்டு அடி அகட்டியாச்சி. கலியாணத்தண்டே கொண்டு வந்து உட்ருங்க" என்றாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் "பிரேக் இன்னும் சரிவரல்ல நுஸ்ரத்" என்று சொல்லிவிட்டேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். உங்களிடம் கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள். மேலே வேனைப் பற்றி எழுதியதையெல்லாம் கிழித்துவிடுங்கள். கலியாணத்துக்கு அந்த வண்டியில்தான் போகிறீர்கள், ஓட்டப்போவது நான். பிரேக் சரியில்லாமல் எப்படி வந்தீர்கள் என்று கேட்டால், என் காலுக்கு மட்டும்தான் அது கேட்கிறதென்று சொல்லிவிடலாம். உங்களை இறக்கிவிட்டதும் வண்டி இங்கே வந்துவிடும். ஹாதிக்கின் இருக்கைக்கு அளவு கொடுத்தாகிவிட்டது, நல்ல இறுக்கமான பெல்டோடு. அவர்கள் போட்ட கூரை வீணாகாமல் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை ஓட்ட உங்களுக்கு ஆசை வந்தால் வெள்ளிக்கிழமைகளில் வரலாம். முதல் நாளே சொல்லிவிட்டு வாருங்கள்.