பிரிண்டர் பகுதிக்கு மேலிடம்

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரா? நான்தானே கோவிச்சுக்கணும்!" என்று போனில் கத்தினான் தாலாய்.

"என்கிட்ட ஏன் கத்துறீங்க அண்ணே? சர்ஷேன் ஐயா 'இனி எனக்கு இங்கே இடமில்லை'ன்னு ஒரே வரி எழுதிட்டு வெளியேறிட்டாரு," என்றாள் பெகிமை.

பிஷ்கேக்கில் தாலாய் நடத்தும் கணினி உதவித் தளத்தில் ஒன்பது பகுதிகள். பிரிண்டர் பகுதியைப் பார்த்துக்கொள்பவர் எழுபத்திரண்டு வயது சர்ஷேன் பெரியவர். வைரஸ் பகுதி பெகிமையுடையது. பதில் சொல்பவர்களில் அவள்தான் இளையவள்.

வெள்ளிக்கிழமைக்குள் மலைக்கிராமப் பள்ளிகள் எல்லாம் சான்றிதழ் அச்சடித்தாக வேண்டும். அங்குள்ள ஓட்டை பிரிண்டர்களின் நோய் தெரிந்த ஒரே வைத்தியர் சர்ஷேன். எழுபத்து மூன்று கேள்விகள் பதிலில்லாமல் நின்றன.

தாலாய் செய்த பாவம்தான் என்ன? பெரியவரின் பகுதி பதினோரு வருஷமாகப் பக்கத்தின் அடியில் கிடந்தது. பார்க்கச் சகிக்காமல், மரியாதையாக இருக்கட்டுமே என்று போன திங்களன்று ஐந்தாம் இடத்துக்கு ஏற்றினான். அன்றிலிருந்து பெரியவர் தன் பதில்களில் சலாம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

ஐந்தாமிடம் போதவில்லை போலும் என்று இரண்டாமிடத்துக்கு ஏற்றினான். பெரியவர் எல்லாக் கேள்விக்கும் "தெரியாது" என்று பதில் போட்டார். நேற்று பல்லைக் கடித்துக்கொண்டு உச்சியிலேயே வைத்தான். மற்ற பகுதிகளையும் வயசு வரிசைப்படி அடுக்கியதில் பெகிமையின் பகுதி கடைசிக்குப் போயிற்று. இப்போது அவளும் ஆரம்பித்தாள்.

"அப்புறம் அண்ணே, எனக்கும் அந்த இடம் வேண்டாம். பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? வெட்கமா இருக்கு."

"உனக்குமா? வயசுக்குத் தகுந்த இடத்துல இரு!"

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்று போனை வைத்துவிட்டாள்.

நன்றி கெட்ட ஜென்மங்கள் என்று திட்டிக்கொண்டே காரை எடுத்துப் பெரியவர் வீட்டுக்குப் போனான். வாசலுக்கு நேரெதிரே, சுவரோரமாக, வீட்டுக்கு மூத்தவர் உட்காரும் மெத்தையில் சர்ஷேன் இருந்தார். தாலாய்க்கு வாசலை ஒட்டி இடம் காட்டினார், கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில்.

"ஐயா, நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"மூணு தடவை பிடிச்சுத் தள்ளிட்டு, என்ன தப்புன்னு கேக்கிறியா?"

"தள்ளினேனா! தலைமேல இல்ல தூக்கி வெச்சேன்! எந்த இடம் வேணும்னு நீங்களே சொல்லிடுங்க."

"தன் இடத்தைத் தானே கேட்டு வாங்குற வம்சமில்ல எங்களது. டீயைக் குடி."

மருமகள் குல்சாத் கோப்பையை விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தாள். விருந்தாளிக்கு அரைக்கோப்பைதான் மரியாதை. நிறைய ஊற்றினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று பொருள். தாலாய் நாக்கு பொசுங்க ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு எழுந்தான். ஆத்திரத்தில் யாருடைய செருப்பிலோ காலை நுழைத்தான்.

"உங்க மாமனாருக்கு மூளை குழம்பிடுச்சு!" என்று வாசலில் குல்சாத்திடம் சீறினான். "இதுக்கு மேல ஏத்தணும்னா வானத்துலதான் இடம் பார்க்கணும்!"

குல்சாத் அவனுடைய செருப்பைத் தேடி எடுத்து நீட்டினாள்.

"அண்ணே, உங்க தளத்துக்குள்ள வர்றவங்க மேலேயிருந்துதானே உள்ள வர்றாங்க? அப்போ மேலதானே வாசல்? பதினோரு வருஷமா உள்கோடியில கௌரவமா இருந்த மாமாவை, இப்ப நீங்க உட்கார்ந்திருந்தீங்களே, அந்த இடத்துக்கில்ல இழுத்துட்டு வந்துட்டீங்க!"